தலை சுற்றாதவள்

நவநீதன் செவிப்பட்டையை வாங்கி வந்த அன்றே வாந்தி எடுத்தான். மறுநாளும் எடுத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இனி இந்தச் சனியனைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டு, பட்டை, கைப்பிடி, கால்மிதி எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் திணித்து அக்கா சுகந்தியின் மேசைக்கு அடியில் தள்ளினான். விற்றுவிடலாம் என்பது அவன் எண்ணம். ஆனால் ஈரோட்டில் அப்போது வாங்குவதற்கு ஆளில்லை, விற்பதற்குத்தான் ஆள் இருந்தது.

விளையாட்டின் பெயர் வானரண். இணையத்தில் விமானச் சண்டை விளையாட்டுகளுக்கு அதற்கு முன்பும் பஞ்சமில்லை. இதில் புதிது அந்தப் பட்டைதான். அது காதுக்குப் பின்னால் எலும்பை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, உள்காதில் இருக்கும் சமநிலை நரம்புக்கு மெல்லிய மின்சாரம் கொடுக்கும். திரையில் விமானம் சாய்ந்தால், நாற்காலியில் அசையாமல் இருப்பவனுக்கும் உடம்பு சாய்வதுபோலவே இருக்கும். தலைகீழாகப் புரண்டால் வயிறு தொண்டைக்கு வரும். பட்டை கட்டாமல் யாரும் சண்டைக்குள் போக முடியாது. மனித உடம்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் விமானமும் திரும்ப வேண்டும், அதுதான் நியாயமான சண்டை என்பது கம்பெனியின் கொள்கை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வரும் முதல் குறிப்பே, பக்கத்தில் ஒரு வாளி வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

சுகந்திக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு எம்பிராய்டரி டிசைன்களை வீட்டிலிருந்தபடியே கணினியில் போட்டுக் கொடுப்பாள். ஆறு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. அதற்குள் பேசப் பழகியிருந்ததால் பேச்சு மட்டும் தங்கியது. மற்றவர்கள் பேசுவது அவளுடைய மூக்குக்கண்ணாடியின் கீழ் ஓரத்தில் எழுத்தாக ஓடும்.

காது போனது எல்லோருக்கும் தெரியும். காய்ச்சல் கூடவே சமநிலை நரம்பையும் கொண்டுபோனது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. கண்ணை மூடினால் அவளால் நிற்க முடியாது. கரண்ட் போனால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். தெருவில் நடக்கும்போது கடைப் பலகைகள் எல்லாம் குலுங்கும், ஒன்றைப் படிக்க வேண்டுமென்றால் நின்றுதான் படிக்க வேண்டும். ஆனால் பர்கூர் மலை வளைவுகளில் பஸ்ஸே வாந்தி எடுத்துக்கொண்டு போகும்போது அவள் மட்டும் முறுக்குத் தின்றுகொண்டு வருவாள்.

ஒரு நாள் டிசைன் வேலை எதுவும் இல்லை. பெட்டியைப் பிரித்தாள், பட்டையைக் கட்டினாள், விமானத்தை ஓடுதளத்தில் ஓட்டி மேலே எழுப்பினாள். உடனே அது பக்கவாட்டில் புரண்டு தலைகீழானது. தரையில் விழுந்து நொறுங்கியது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்த தம்பியிடம் பட்டையை நீட்டினாள்.

"கண்ணு, இது ரிப்பேரு. ஒண்ணுமே தெரியல."

அவன் வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தான். அவள் விமானத்தை லேசாக ஒரு சுற்றுச் சுற்றினாள். அவன் முகம் வெளுக்க, மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"ரிப்பேரெல்லாம் இல்லக்கா," என்றான். "உனக்குத்தான் தெரியல."

அன்றிலிருந்து அவள் தினமும் பறந்தாள். முதல் வாரங்களில் சண்டை என்று எதுவும் நடக்கவில்லை, சாவுதான் நடந்தது. ஸ்கூட்டர் கைப்பிடியைத் திருப்புவதுபோல் வெடுக்கென்று இழுப்பாள். இறக்கை வேகத்தை இழந்து, விமானம் கல்லாகக் கீழே போகும். எதிரி ஒருவன் கண்ணில் பட்டால் அவன் பின்னாலேயே ஓடுவாள். அவள் பின்னால் வேறொருவன் வந்துகொண்டிருப்பான். மற்றவர்களுக்கு அந்த எஞ்சின் சத்தம் கேட்கும், இவளுக்குக் கேட்காது. யார் சுட்டது என்று தெரிவதற்குள் மறுபடி ஓடுதளத்தில் நிற்பாள்.

மெல்ல மெல்லப் புரிந்தது. சண்டைக்குப் போகும் முன்பே உயரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேலே இருப்பவன்தான் சண்டை எப்போது தொடங்க வேண்டும், எப்போது முடிய வேண்டும் என்று தீர்மானிக்கிறான். ஒரு தடவை பாய்ந்து சுட்டால் போதும், பட்டதோ படவில்லையோ, அதே வேகத்தில் மேலே போய்விட வேண்டும். கீழேயே நின்று சுற்றிச் சுற்றித் துரத்துகிறவன் சீக்கிரம் செத்துப்போகிறான். எல்லோரும் விரும்பிய வேகமான விமானங்களை அவள் விட்டுவிட்டாள். மெதுவானதாக இருந்தாலும் நாலாபக்கமும் கண்ணாடி உள்ள ஒரு பழைய விமானத்தை எடுத்துக்கொண்டாள். கேட்காத குறைக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் வாழ்க்கை முழுக்கச் செய்து வந்ததுதான் அது.

பின்பு ஒரு நாள் மேகத்துக்குள் ஒருவன் அவளைத் துரத்தி வந்தான். அவள் தலைகீழாகப் புரண்டு, அப்படியே சுழன்றபடி கீழே இறங்கி, மேகத்தின் அடியில் வெளிவந்து அவன் வரக் காத்திருந்தாள். அவன் வெளியே வந்தபோது அவன் விமானம் குடித்தவன்போல் தள்ளாடியது. எது வானம் எது தரை என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் நிதானமாகச் சுட்டாள்.

அந்தச் சண்டையில் அவள் பக்கம் பறந்தவர்களில் ஒருவன் ஜெபசிங். தூத்துக்குடிக்காரன், இருபத்தாறு வயது, துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கு அலுவலகத்தில் வேலை. 'கொற்கை' என்று ஒரு அணி வைத்திருந்தான். தமிழ் அணிகளிலேயே அவன் கைதான் வேகமான கை என்று பேச்சு. கைக்கு ஈடாக வயிறுதான் ஒத்துழைக்கவில்லை. இரண்டு சுழற்சிக்கு மேல் கண் இருட்டிக்கொண்டு வரும். சண்டை முடிந்ததும் சுகந்தியை அழைத்து, அவ்வளவு சுழன்றும் ஒன்றும் ஆகவில்லையா என்று கேட்டான். அவள் உள்ளதைச் சொன்னாள்.

கண்ணாடியில் எழுத்து ஓடியது: "எங்க டீமுக்கு வாறீயளாக்கா?"

போனாள். அவளுக்காக அணியே பேச்சைக் குறைத்துக்கொண்டது. மேலே, பின்னாடி, விடு, வா என்று ஒற்றைச் சொற்களாகப் பேசினார்கள். அவை அவள் திரையில் பெரிய எழுத்தில் வரும்படி ஜெபசிங் ஏற்பாடு செய்தான். அவள் கம்பெனிக்கும் எழுதிக் கேட்டாள். பட்டை கட்டியிருக்க வேண்டும் என்பதுதான் விதி, நீங்கள் கட்டியிருக்கிறீர்கள், தாராளமாக விளையாடுங்கள் என்று பதில் வந்தது.

கொற்கை அணி மாநிலப் போட்டியில் ஜெயித்தது. அடுத்து வந்த ஆசியத் தகுதிச் சுற்றிலும் ஜெயித்தது. ஒரு செய்தித் தளத்தில் தலை சுற்றாத ஈரோட்டுப் பெண் என்று அவள் படம் வந்தது. யார் யாரோ எழுதினார்கள். உங்களைப்போல் எனக்கும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று கல்லூரிப் பையன்கள் எழுதினார்கள். பள்ளிக்கூடத்திலும் கல்யாண வீடுகளிலும் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அவள் கண்டதெல்லாம் இரக்கம்தான். தன்னைப்போல் இருக்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்படுவதை அவள் அப்போதுதான் முதல்முறை பார்த்தாள். அந்தக் கடிதங்களை நவநீதனிடம் காட்டினாள். அம்மாவிடமும் காட்டினாள்.

அந்த நாட்களில்தான் ஜெபசிங் அழைத்தான். ஆசியப் போட்டிக்கு முன்னால் தன் வயிற்றை எப்படியாவது சரிக்கட்ட வேண்டும் என்றும், இஞ்சி, மாத்திரை, எல்லாம் பார்த்தாகிவிட்டது என்றும் சொன்னான். பிறகு கேட்டான்.

"அந்த நரம்பு இல்லாம இருக்கது எப்படிக்கா இருக்கும்?"

"எப்படியும் இருக்காது தம்பி. இல்லைங்கறதே தெரியாது. கரண்ட் போனா மட்டும் கொஞ்சம் செரமம், அவ்வளவுதான்."

கண்ணாடியில் 'சிரிக்கிறார்' என்று வந்தது. அவளும் சிரித்தாள்.

ஆசியப் போட்டியில் ஜெபசிங் பறந்ததைப் பார்த்து எல்லோரும் வியந்தார்கள். சுழன்றான், புரண்டான், தலைகீழாகவே இருவரைத் துரத்திச் சுட்டான். பயிற்சிதான் கைகொடுத்தது என்று சுகந்தி நினைத்தாள். அவனைப்போலவே வேறு அணிகளிலும் சிலர் திடீரென்று தலை சுற்றாமல் பறந்தார்கள். ஊசி என்று ஒரு பேச்சு எங்கும் புழங்கியது. தீராத தலைசுற்றல் நோய்க்காரர்களுக்குக் காதுக்குள் போடுகிற ஊசி. சமநிலை நரம்பின் நுனியைக் கருக்கிவிடும். வேறு வழியே இல்லாத நோயாளிக்கு, அதுவும் ஒரு காதில்தான் டாக்டர்கள் போடுவார்கள். இவர்கள் நல்ல காதுகள் இரண்டிலும் போட்டுக்கொண்டார்கள். பெயர்ப்பலகை இல்லாத இடங்களில் போட்டுக்கொண்டார்கள்.

கொற்கை அணி மூன்றாவதாக வந்தது. பரிசளிப்பின்போது எல்லோரும் அவரவர் வீட்டில் காமிராவுக்கு முன்னால் எழுந்து நின்றார்கள். ஜெபசிங் மட்டும் எழவில்லை.

கொஞ்ச நாளில் அவன் அம்மா எஸ்தர் அழைத்தார். "நீங்கதான சுகந்தி? ஒருக்கா வந்துட்டுப் போக முடியுமாம்மா? இவன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கான்."

நவநீதனோடு தூத்துக்குடிக்கு ரயிலில் போனாள். வீட்டு வாசலில் அவர்களைக் கூப்பிட ஜெபசிங் வந்தான். சுவரைத் தடவிக்கொண்டு வந்தான். கால்களை அகட்டி வைத்து, ஒவ்வொரு அடியையும் கண்ணால் பார்த்து வைத்தான். அவள் யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டாள். அந்த நடை அவளுடைய நடை.

வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னான். அலுவலகப் படியில் விழுந்திருக்கிறான். பைக்கை விற்றாகிவிட்டது. இடது காது பாதிதான் கேட்கிறது. இவ்வளவையும் யாருக்கோ நடந்தது மாதிரி சொன்னான். எஸ்தர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

"எப்பக்கா சரியாகும்?" என்று கேட்டான்.

"ஆகாது தம்பி."

எஸ்தர் உள்ளே போய்விட்டார்.

"நீங்க ஒண்ணுமே தெரியாதுன்னு சொன்னீயள," என்றான் அவன். குரலில் கோபம் இருந்ததா என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. முகத்தில் இல்லை.

"எனக்குத் தெரியாதுதான். எனக்கு அது இருந்ததே ஞாபகமில்லீங்க தம்பி. உங்களுக்கு இருந்துச்சு. அத நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். யோசிக்கவே இல்ல."

அவன் தலையாட்டப் போனான். தலை அசைந்ததும் கண் நிலைகொள்ளாமல் நாற்காலியைப் பிடித்தான்.

நவநீதன் வேலைக்குத் திரும்பினான். அவள் மட்டும் சில நாட்கள் எஸ்தர் வீட்டில் தங்கினாள். தான் நடப்பதை யோசித்துப் பார்த்து நடந்தது அப்போதுதான். கடற்கரைச் சாலையில் அவனை அழைத்துப் போய், தூரத்தில் அசையாத ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். துறைமுகத்துக் கிரேன் ஒன்று நின்றது. அதைக் கண்ணால் பிடித்துக்கொண்டு நடந்தான். திரும்பும்போது முதலில் கால், பிறகு இடுப்பு, கடைசியில்தான் தலை. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பக் கூடாது, நின்றுவிட்டுத் திரும்ப வேண்டும். உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். முகம் கழுவக் கண்ணை மூடினால் ஒரு கை குழாயில் இருக்கட்டும். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது உடம்பு தானாகக் கற்றுக்கொண்டதை அவன் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் பண்ண வேண்டியிருந்தது. கிளம்பும் நாளில் அவன் சுவரைத் தொடாமல் வாசல் வரைக்கும் வந்தான். எஸ்தர் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகளில் திட்டும் இருந்தது, நன்றியும் இருந்தது.

ஊசிக் கதை பெரிதாகிவிட்டது. பல ஊர்களில் இளைஞர்கள் நடக்க முடியாமல் கிடந்தார்கள். பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். கம்பெனி ஊசிக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று சொன்னது. இருந்தாலும் ஒரு புதுப் பட்டையைக் கொண்டுவந்தது. அதற்குக் காது நரம்பு தேவையில்லை. தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டால், சாய்வையும் விழுவதையும் நேராக மூளைக்கே சொல்லும். காது இருந்தாலும் இல்லாவிட்டாலும் இனி எல்லோருக்கும் ஒன்றுபோலத் தலை சுற்றும், இனி ஊசி போட்டு ஒரு பயனும் இல்லை என்று அறிவித்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு இலவசமாக அனுப்பினார்கள். சுகந்திக்கும் ஒன்று வந்தது.

கட்ட வேண்டாம் என்று நவநீதன் சொன்னான். அவளுக்கும் கட்டும் எண்ணம் இல்லை. போட்டி வேண்டாம், அணி வேண்டாம், டிசைன் வேலையே போதும் என்றுதான் திரும்பி வந்த நாளிலிருந்து இருந்தாள். ஆனால் இருந்ததே ஞாபகமில்லை என்று தூத்துக்குடியில் தன் வாயால் சொன்னது உள்ளேயே நின்றுகொண்டிருந்தது.

கட்டிக்கொண்டு விமானத்தை எழுப்பினாள். சக்கரம் தரையை விட்டதும் யாரோ நாற்காலியைப் பின்னால் இழுத்தார்கள். திடுக்கிட்டுத் திரும்பினாள். யாரும் இல்லை. லேசாக இடது பக்கம் சாய்த்தாள். கண்ணுக்கு அறை நேராக இருந்தது, மேசை நேராக இருந்தது, ஆனால் அவள் நேராக இல்லை. கண்ணைக் கேட்காமல் வேறு எதுவோ அதைச் சொன்னது. கண்ணை மூடிப் பார்த்தாள். அப்போதும் சொன்னது. பயத்தில் கைப்பிடியை வெடுக்கென்று இழுத்தாள். உடம்பே கழன்று கீழே போனது. பட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, பனியன் துணி மாதிரிகள் கிடந்த கூடையில் வாந்தி எடுத்தாள். நவநீதன் ஓடிவந்தான். அவள் அழுதுகொண்டிருக்கிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் மறுபடி கட்டினாள்.

எஸ்தர் அனுப்பிய செய்தி அப்போதுதான் வந்தது. பட்டை வந்ததிலிருந்து ஜெபசிங் நடைப்பயிற்சியை விட்டுவிட்டான், விடிந்ததும் நாற்காலியில் உட்காருகிறவன் சாப்பாட்டுக்குக்கூட எழுவதில்லை, நீங்கள் சொன்னால் கேட்பான். சுகந்தி அவன் இருந்த சண்டையைத் தேடி உள்ளே போனாள்.

கீழே பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. அவன் அதில் இல்லை. அதற்கு வெகு மேலே, தனியாக, மெதுவாகப் பறந்துகொண்டிருந்தான். இடது பக்கம் சாய்ந்தான். நிமிர்ந்தான். வலது பக்கம் சாய்ந்தான். எதிரி ஒருவன் ஏறி வந்து பின்னாலிருந்து சுட்டான். அவன் தப்பிக்கப் பார்க்கவில்லை, விழுந்தான். ஓடுதளத்திலிருந்து மறுபடி எழுந்து, மறுபடி அதே உயரத்துக்கு வந்து, மறுபடி சாய்ந்தான். கேப்டன் எங்கே, கேப்டன் எங்கே என்று அணிக்காரர்களின் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் பக்கத்தில் போனாள். "என்ன தம்பி பண்றீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. சாஞ்சு பாக்கேன்." கொஞ்சம் கழித்து மறுபடி எழுத்து ஓடியது. "துறைமுக ரோட்டுல ஒரு வளைவு உண்டும்லா. பைக்கச் சாய்க்கும்போது இப்படித்தான் இருக்கும். அது பாட்டுக்கு இழுத்துட்டுப் போகும்."

"அப்படிங்களா," என்றாள். இன்னொரு எதிரி ஏறி வருவது தெரிந்தது. அவனுக்குக் குறுக்கே போகத் திரும்பினாள். தலை கிறுகிறுத்தது, கண் தப்பியது, குண்டுகள் எங்கோ போயின. முதல் வாரத்தில் பறந்ததைவிட மோசமாகப் பறந்தாள். ஆனாலும் எதிரிக்கும் ஜெபசிங்குக்கும் நடுவில் போய் நின்றாள். அவள் இறக்கையில் புகை கிளம்பியது. வந்தவன் என்ன நினைத்தானோ, விலகிப் போய்விட்டான்.

"தம்பி, உங்கம்மா சொல்றாங்க. கழட்டிட்டு நடக்கணுமுங்க. உக்காந்தே இருந்தா உடம்பு பழகாது. இத கட்டிக்கிட்டுத் தெருவுல போக முடியாதல்லங்க."

அவன் இன்னும் ஒரு முறை சாய்ந்து நிமிர்ந்தான்.

"தெரியுதுக்கா," என்று வந்தது. "கழட்டுனா ஒண்ணுமே இருக்காது. அதான்."

"எனக்கும் தெரியுது," என்றாள். இந்த முறை அவள் தெரிந்துதான் சொன்னாள். "ஒரு வளைவு போலாம். ரெண்டு பேருமா. முடிஞ்சதும் ரெண்டு பேருமே கழட்டிரலாம். நீங்க அந்தக் கிரேன் வரைக்கும் நடந்துட்டு வந்து எனக்குச் சொல்லோணும்."

"நீங்களும் கழட்டணும்."

"கழட்டறேன்."

இரண்டு விமானங்களும் ஒன்றாக இடது பக்கம் சாய்ந்தன. கீழே கடல் மெல்லச் சுற்றி வந்தது. உடம்பு இழுபட்டது. அவன் சொன்னதுபோல், அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது. பயம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. வளைவு முடிந்து இரண்டும் நிமிர்ந்தன.

"வாறேன்க்கா," என்று எழுத்து வந்தது. அவன் விமானம் வானத்திலிருந்து மறைந்தது. கழற்றிவிட்டான். இந்நேரம் சுவரைத் தொடாமல் எழுந்து நிற்கப் பார்ப்பான், எஸ்தர் பக்கத்தில் வந்து நிற்பார்.

சுகந்தியின் கை பட்டையின் கொக்கி வரைக்கும் போனது. நவநீதன் வாசலில் நின்று ஏதோ கேட்டான். கண்ணாடியில் எழுத்து ஓடியது, அவள் படிக்கவில்லை. கையை இறக்கிக் கைப்பிடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தனியாக இன்னொரு முறை சாய்ந்தாள்.